தாத்தாவின் இழைப்புளியை மறுபடி ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா ஆசாரி. கதவு, ஜன்னல், நிலைதான் அவருடைய வேலை. அவர் போய்ப் பல வருடம் கழித்து, வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலிருந்த அவருடைய சாமான் பெட்டி என் பங்குக்கு வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. உள்ளே இரண்டு இழைப்புளி, மரத்தைச் சீவி வழுவழுப்பாக்கும் கருவி. ஒன்று புளிய மரக் கட்டையில் அவரே செதுக்கியது, இன்னொன்று ‘ரெக்கார்டு 05’ என்று அச்சில் வார்த்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் செய்த இரும்பு. இரண்டையும் சரிசெய்து ஓட்டியதைப் பார்த்துவிட்டுத் தெரிந்தவர்கள் அவரவர் வீட்டுப் பழசைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

என்னிடம் இருக்கும் இரும்பு இழைப்புளி எந்தக் காலத்துடையது?

வார்ப்பில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். இன்று நாம் பார்க்கும் இரும்பு இழைப்புளியின் அமைப்பு, பின்னால் ஒரு பித்தளைச் சக்கரத்தைத் திருகி பிளேடை ஏற்றி இறக்கும் அந்த ஏற்பாடு, லியோனார்டு பெய்லி என்ற அமெரிக்கர் 1860களில் காப்புரிமை வாங்கியது. 1869இல் அவருடைய உரிமைகளை ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்டது. அதனால்தான் ஸ்டான்லி இழைப்புளியின் மேல் ‘பெய்லி’ என்று இருக்கும். ஃபிராக் என்று சொல்லும், பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புக்குப் பின்னால் காப்புரிமைத் தேதிகள் இருந்தால் அதிர்ஷ்டம். 1902, 1910 என்று இருந்தால் கட்டாயம் 1910க்குப் பிந்தியது. ‘இங்கிலாந்தில் செய்தது’ என்று இருக்கும் ஸ்டான்லி 1930களின் பிற்பகுதிக்கு அப்புறம் வந்தது. ரெக்கார்டு இழைப்புளிகள் 1931இல் ஷெஃபீல்டில் தொடங்கின. நீல நிறம் அதற்கு அடையாளம், தேய்ந்துபோன பொருளில் கூட மூலைமுடுக்கில் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண் என்பது அளவு, தரம் இல்லை. 4 என்றால் சுமார் 9 அங்குலம், கடைசி வழுவழுப்புக்கு. 5 என்றால் 14 அங்குலம், எல்லா வேலைக்கும். 7 என்றால் 22 அங்குலம், நீளப் பலகையின் விளிம்பை நேராக்க. ரெக்கார்டுக்காரர்கள் முன்னால் ஒரு சுழியம் சேர்த்து 04, 05 என்று போட்டார்கள், அவ்வளவுதான்.

விற்றால் நல்ல விலை போகுமா?

போகாது. 4, 5 எல்லாம் கணக்கில்லாமல் செய்து குவித்தவை. ஐந்தரை அங்குல நீளத்தில் 1 என்ற எண்ணோடு ஒன்று இருந்தால் மட்டும் யாருக்கும் கொடுக்காமல் முதலில் விசாரியுங்கள், அதைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். மற்றதெல்லாம் பெரும்பாலும் காயலான் கடையில் எடைக்குத்தான் போகும். ஆனால் சரிசெய்துவிட்டால், இன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மலிவான புது இழைப்புளியைவிட நன்றாகவே இழைக்கும்.

முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்றாதீர்கள். நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். அப்புறம் எல்லாத் திருகுகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். திருகின் காடிக்குள் இறுக்கமாக உட்காரும் ஸ்குரூடிரைவர் வேண்டும். ஆடும் டிரைவரால் திருகினால் காடி பிய்ந்துவிடும், அதே அளவுத் திருகை வெளியே வாங்கவும் முடியாது. இந்த இழைப்புளிகளின் மரை நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரை இல்லை, அமெரிக்க, பிரிட்டிஷ் பழைய கணக்கு. ‘ஏறக்குறைய சரியா இருக்கு’ என்று ஒரு புது போல்டை வலுவில் ஏற்றினால் வார்ப்பிலிருக்கும் மரை போய்விடும்.

இன்னொன்று. அந்தப் பித்தளைச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் இடது மரை. வழக்கமான திசையில் கழற்றப் போனால் அது இறுகும், மேலும் பலம் கொடுத்தால் உடையும். சைக்கிள் இடது பெடலைக் கழற்றிய பழக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

துருவை எப்படி எடுப்பது?

மேலோட்டமான செந்துரு என்றால் மண்ணெண்ணெயும் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரும் போதும். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாத இழைப்புளிகள்தான் அதிகம், நாம்தான் ஆர்வக் கோளாறில் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறோம்.

துரு செதில் செதிலாக ஏறியிருந்தால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் டப்பா, பொருள் முழுக்க மூழ்க வேண்டும், பாதி வெளியே நின்றால் நீர்மட்டம் பட்ட இடத்தில் கோடு விழும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு கருப்புச் சேறாக வழிந்து வரும், அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டியதுதான். முதன்முதலில் நான் வினிகரில் போட்டுவிட்டு ஊருக்குப் போய், மூன்று நாள் கழித்துத் திரும்பிவந்து பார்த்தபோது ஃபிராக்கின் முகம் ஆற்றுமணல் மாதிரி சொரசொரவென்று அரித்திருந்தது. துரு தீர்ந்த பிறகு ஆசிட் சும்மா இருக்காது, இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

வெளியே எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உலர்த்தி, சூடு இருக்கும்போதே தையல் மிஷின் எண்ணெய் பூசிவிடுங்கள். இதில் பத்து நிமிடம் தாமதித்தாலே கண்ணெதிரில் மஞ்சள் துரு பூக்கும், கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

பித்தளைப் பாகங்களை இரும்போடு சேர்த்துப் போடாதீர்கள், செம்பு நிறம் ஏறிவிடும். அவற்றுக்குத் தனியாகப் புளி, குத்துவிளக்கு தேய்ப்பது மாதிரியே.

மின்சாரத்தில் துரு எடுக்கும் முறையையும் சிலர் கேட்கிறார்கள். பிளாஸ்டிக் வாளியில் நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், நெகட்டிவ் இழைப்புளியில், பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் துண்டில். மாற்றிக் கொடுத்தால் தாத்தா சொத்து கரையும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். முறை நல்ல முறைதான், ஆனால் ஒரே ஓர் இழைப்புளிக்கு இவ்வளவு ஏற்பாடு எனக்குச் சரிப்படவில்லை.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும். முனைகள் மழுங்கி, எழுத்து தேய்ந்து, ஃபிராக் உட்காரும் இடம் மேடுபள்ளமாகி, எல்லாமே முடிந்துவிடும். பழைய பெயிண்ட் தூசியை மூச்சில் இழுப்பது தனி. வேண்டாம்.

மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

உள்பக்கக் கருப்புப் பூச்சில் முக்கால்வாசி இருந்தால் அப்படியே விடுங்கள். மொத்தமாக உரிந்திருந்தால் எனாமல் அடிக்கலாம், ஆனால் ஃபிராக் உட்காரும் பகுதியிலும் திருகு ஓட்டைகளிலும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால் இரும்போடு இரும்பு உட்காராது, இழைக்கும்போது அதிரும்.

அடிப்பக்கம் தட்டையாக இல்லை. எவ்வளவு தேய்க்க வேண்டும்?

இங்கேதான் எல்லோரும் அளவுக்கு மீறிப் போகிறார்கள். கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்று ஒரு வாரம் தேய்த்தவரை எனக்குத் தெரியும். மரத்துக்கு உங்கள் முகம் தேவையில்லை. முன் நுனி, வாய்க்கு (அடியில் பிளேடு எட்டிப்பார்க்கும் பிளவுக்கு) முன்னாலிருக்கும் விளிம்பு, பின் நுனி, இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் எங்காவது லேசான பள்ளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

தட்டையான தளத்துக்கு நம் ஊரில் கஷ்டமே இல்லை. சமையலறை மேடைக்கு கிரானைட் அறுக்கும் கடையில் சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டு மூலையில் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்து, வெளிச்சம் கசியாத துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள்.

தேய்க்கும்போது இழைப்புளி முழுசாகப் பூட்டியிருக்க வேண்டும். பிளேடை மட்டும் உள்ளே இழுத்துவிட்டு, பிளேடை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பை வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் வையுங்கள், அந்த இறுக்கத்தில் வார்ப்பு துளி வளையும், வளைந்த நிலையில்தான் அது தட்டையாக வேண்டும். அடியில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு இருபது தடவை தேய்த்துத் திருப்பிப் பாருங்கள். தாத்தாவின் 05இல் முதல் இருபதில் முன் நுனியிலும் பின் நுனியிலும் மட்டும் மை போயிருந்தது, வாய் ஓரம் கருகருவென்று அப்படியே. நடுவில் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். இருநூறு தேய்ப்பு வரை வாய்க்கு முன்னால் இடது மூலையில் ஒரு நகம் அளவு மை போகாமல் அடம்பிடித்தது. அது மறைந்ததும் 120, அப்புறம் 220, நிறுத்திவிட்டேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம், இரண்டு டீ. முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் கொடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் தொட்டில் மாதிரி உருண்டுவிடும்.

லேத் பட்டறையில் கொடுத்தால் மெஷினில் சீவித் தர மாட்டார்களா?

தருவார்கள். நானும் ஒரு தடவை கொடுத்தேன். வாய் விளிம்பு காகிதம் மாதிரி மெலிந்து திரும்பி வந்தது, இரண்டாவது நாள் அது பெயர்ந்தும் போயிற்று. அவர்கள் மேல் தப்பில்லை, எவ்வளவு எடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

பிளேடை எப்படித் தீட்டுவது?

கூர் என்பது இரண்டு பரப்பு சந்திக்கும் கோடு. எல்லோரும் சாய்வுப் பக்கத்தையே தீட்டிக்கொண்டிருப்பார்கள், பின்பக்கத்தில் துருக் குழி இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது. பின்பக்கம் முழுவதையும் மினுக்க வேண்டாம், முனையிலிருந்து ஒரு விரற்கடை தட்டையாகவும் குழி இல்லாமலும் இருந்தால் போதும்.

சாய்வுக்கு 25 பாகை, கடைசிக் கூருக்கு 30. கோணமானி தேவையில்லை. சாய்வின் நீளம் பிளேடின் கனத்தைப் போல் சரியாக இரு மடங்கு இருந்தால் 30 பாகை, இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட இருந்தால் 25. பழைய பிளேடு சுமார் 2 மில்லிமீட்டர் கனம், எனவே சாய்வு நாலே முக்கால் மில்லிமீட்டர் வாக்கில் வர வேண்டும்.

சாணை மிஷினில் பிடித்தால் ஒவ்வொரு தொடுகைக்கும் தண்ணீரில் முக்குங்கள். முனையில் நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, நீலம் முழுக்கத் தேய்ந்து போகும் வரை கூர் நிற்காது. கல்லில் தீட்டும்போது பின்பக்கம் கட்டைவிரலை வெளிநோக்கித் தடவினால் பிசிறு தட்டுப்பட வேண்டும், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. பிசிறு வராமல் அடுத்த கல்லுக்குப் போவது வீண் வேலை. கூர் பார்க்க முழங்கை முடியைச் சிரைப்பதைவிட, ஏதாவது மெத்தென்ற மரத்தின் வெட்டு முகத்தில் சீவிப் பாருங்கள், நொறுங்காமல் பளபளப்பாக வந்தால் சரி.

தாத்தாவின் பிளேடில் முனைக்கு மூன்று விரல் மேலே காசு அளவுக்கு வட்டமாக ஒரு துருக் குழி. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவர் ஈரச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்த இடம் அது. அந்த இடம் வரை தீட்டித் தேய என் ஆயுள் போதாது. விட்டுவிட்டேன்.

பிளேடு மேல் இருக்கும் இன்னொரு தகடு எதற்கு?

சீவலை மடித்து உடைக்க. அதன் முனைக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் சீவல் அங்கே புகுந்து வாயை அடைக்கும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஒளி தெரிந்தால் தகட்டின் முனையைக் கல்லில் தட்டையாக்குங்கள். சாதாரண வேலைக்குக் கூரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, முரட்டு ரேகையுள்ள (மரத்தின் நார் ஓடும் வரியைத்தான் ரேகை என்கிறேன்) மரத்துக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக.

கைப்பிடி உடைந்திருக்கிறது, புதிதாகச் செய்ய வேண்டுமா?

உடைப்பு சுத்தமாக இருந்தால் எபாக்ஸி போட்டு, சைக்கிள் டியூபை ரப்பர் பேண்டாக வெட்டி இழுத்துச் சுற்றி ஒரு நாள் விடுங்கள். துண்டு தொலைந்திருந்தால் புதிது செய்யலாம். பழைய அமெரிக்கக் கைப்பிடிகள் பிரேசில் ஈட்டி மரம். நம் ஊர் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுவும் அதே குடும்பம்தான், அருமையாக இருக்கும். ஆனால் அதற்காக மரம் தேடி அலையாதீர்கள், தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். பழைய கட்டில் கால் ஏதாவது கிடைத்தால் அதிலிருந்து எடுங்கள். பூவரசும் நன்றாக வரும். ரேகை கைப்பிடியின் மெல்லிய பகுதிக்குக் குறுக்கே ஓடாதபடி பார்த்து வெட்டுங்கள், பழையது உடைந்ததே பெரும்பாலும் அங்கேதான்.

மர இழைப்புளிக்கும் இதே முறைதானா?

பிளேடுக்கு இதேதான். உடம்புக்கு வேறு. முதலில் தண்ணீர், ஆசிட் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கட்டையில் சிறு துளைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூளும் விழுந்தால் உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு.

பிளேடை இறுக்கிப் பிடிக்கும் மர ஆப்பு சரியாக உட்கார்கிறதா என்பதுதான் அடுத்தது. ஆப்பின் இரண்டு காலும் ஒரே நேரத்தில் பிளேடை அழுத்த வேண்டும். ஒரு கால் மட்டும் அழுத்தினால் பிளேடு இழைக்க இழைக்கச் சாயும். சாக்பீஸ் தூள் தடவி ஆப்பை இறக்கி எடுத்துப் பார்த்தால் எங்கே படுகிறது என்று தெரியும், அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவு. அவசரப்படாதீர்கள், சீவியதை ஒட்ட முடியாது.

தேயத் தேய அடியில் வாய் அகலமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் உள்ளே தொண்டை சரிவாக விரிகிறது. வாய் அகலமானால் மரம் பிய்ந்து வரும். பெரிய வைத்தியம், வாய்க்கு முன்னால் ஒரு கட்டத்தைக் குடைந்து கடினமான மரத்துண்டை ஒட்டுவது, ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். சின்ன வைத்தியம், பிளேடுக்கு அடியில் ஒரு தோல் துண்டோ அட்டையோ வைத்து பிளேடையே முன்னால் தள்ளுவது. தாத்தா இரண்டாவதைத்தான் செய்திருந்தார். ஆப்பைக் கழற்றியபோது ஒரு தினசரிக் காலண்டர் அட்டைத் துண்டு வந்து விழுந்தது, பாதி எழுத்து கூடத் தெரிந்தது. அதையே திரும்ப வைத்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

ஏற்றி இறக்குவது சுத்தியலால். பிளேடின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்முகத்தில் தட்டினால் பின்வாங்கும், தட்டிய பிறகு ஆப்பை ஒரு தட்டு.

மரப் பாகங்களுக்கு என்ன பூசுவது?

ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், மெல்லிசாக ஒரு கை, பத்து நிமிடம் கழித்து மீதியைத் துடைத்துவிடுங்கள். அல்லது ஸ்பிரிட்டில் ஊறவைத்த அவலரக்கு, அதாவது ஷெல்லாக். வார்னிஷ் வேண்டாம், கை வேர்த்தால் வழுக்கும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் மரத்தில் காயாது, பிசுபிசுப்பாகவே நிற்கும்.

லின்சீட் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

எல்லாம் செய்தாயிற்று, ஆனால் இழைத்தால் மரம் பிய்கிறது, அதிர்கிறது.

முதல் சந்தேகம் ரேகை. பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கமிருந்து இழைத்துப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் கூர். அப்புறம் ஃபிராக் திருகுகள் இறுக்கமா என்று பாருங்கள்.

பிளேடை எப்போதும் முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, ஒட்டாத நிலையிலிருந்து சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டு வாருங்கள். சக்கரத்தின் கடைசித் திருப்பு இறக்கும் திசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் இருக்கும் ஆட்டத்தால் பிளேடு வேலை நடுவில் பின்வாங்கும். அடிப்பக்கத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு கிழித்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள், பாதி பலம் மிச்சம்.

வார்ப்பில் விரிசல் இருக்கிறது. ஒட்ட முடியுமா?

பக்கச் சுவரில் சின்ன விரிசல் என்றால் அப்படியே ஓட்டலாம். வாயிலிருந்து குறுக்கே ஓடினால் அது முடிந்தது. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் சூட்டில் கோணிக்கொள்ளும். பிளேடு, ஃபிராக், திருகுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றுக்கு உதவும்.

வேலை முடிந்ததும் எப்படி வைப்பது?

எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பிளேடை உள்ளே இழுத்துவிட்டு ஒரு பலகை மேல். படுக்கவைப்பதா சாய்த்துவைப்பதா என்று ஆசாரிகள் சண்டை போடுவார்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே வேர்க்கும்.

ஆயுத பூஜைக்கு நானும் பொட்டு வைக்கிறேன், ஆனால் முன்பக்கக் குமிழில். அம்மா முதல் வருடம் பிளேடைக் காட்டி ‘அப்பா அங்கதான் வைப்பாரு’ என்றாள். அந்தக் குழியைக் காட்டினேன். பார்த்துவிட்டு, அதன் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் போட்டேன்.